யானை நிற்கும் வரி

அந்த வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எழுந்திருக்கும்போதே மூஞ்சி சரியிருக்காது. சிலரைக் காலையில் எழுப்பினால் கடித்து வைப்பதுபோல் பார்ப்பார்களே, அந்த ரகம். பொத்தானை அழுத்தியதும் திரை முழுக்கக் கறுப்பாகிவிடும். நடுவே சாம்பல் நிறத்தில் இரண்டே இரண்டு வரிகள் இருக்கும். "எது வேணும், சீக்கிரம் சொல்லு" என்று அதட்டுவதுபோல் ஓரத்தில் நொடிகள் குறைந்துகொண்டே வரும்.

"இதுக்குப் பேரு பூட் மெனு," என்று சொல்லியிருந்தார் மாமா.

"பூட்ஸும் இல்ல, சாப்பாடும் இல்ல. அப்புறம் எதுக்கு இந்தப் பேரு?" என்று கேட்டாள் சில்வண்டு.

அவளுக்குப் பள்ளியில் வேறு பெயர் உண்டு. வீட்டில் சில்வண்டுதான். வாய் மூடினால் அல்லவா வேறு பெயர் வைக்கலாம்? அந்தப் பெயரை வைத்தவர் மாமா. சத்தம் என்றால் அவருக்குத் தெரியாதது இல்லை, ஏனென்றால் அதுதான் அவர் தொழில்.

மாமா, அம்மாவின் தம்பி. பொம்மைப் படங்களுக்கு ஓசை போடுகிறவர். படத்தில் ஒரு குதிரை ஓடினால் டக்டக் சத்தம் தானாக வந்துவிடாது. யாராவது செய்ய வேண்டும். மாமா இரண்டு மரக் கிண்ணங்களை மேசையில் தட்டிக் குதிரையை ஓட வைப்பார். வௌவால் பறக்க வேண்டுமா, அம்மாவின் குடையைப் படபடவென்று விரித்து மூடுவார். பனியில் யாராவது நடக்க வேண்டுமா, சோளமாவுப் பையைக் கையால் பிசைவார்.

"சமைக்க மாவு வாங்கினா, அது படத்துல பனியாப் போகுது," என்று அம்மா அலுத்துக்கொள்வாள். அம்மா பஸ் ஓட்டுகிறவள். விடிவதற்குள் கிளம்பினால் மாலையில்தான் வருவாள். அப்பாவுக்குக் கப்பலில் வேலை. ஆகவே பள்ளி விட்டு வந்தால் சில்வண்டுக்கு எல்லாமே மாமாதான். ரொட்டியில் வெண்ணெய் தடவித் தருவதும் அவர்தான், தலை பின்னிவிடுவதும் அவர்தான். பின்னல் கொஞ்சம் கோணலாக இருக்கும். அதனால் என்ன?

அந்த ஒரே கம்ப்யூட்டருக்குள் இரண்டு அறைகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மாமாவின் ஓசை அறை. சத்தங்களை வெட்டி ஒட்டும் கருவிகள் எல்லாம் அதற்குள்தான். இன்னொன்று வீட்டு அறை. சில்வண்டின் பாடங்கள், அப்பாவோடு வீடியோவில் பேசுவது எல்லாம் அங்கே. ஒரு நேரத்தில் ஓர் அறையைத்தான் திறக்க முடியும். எந்த அறை என்று வாசலில் நின்று கேட்பதுதான் அந்தக் கடுகடு மெனு.

ஒருநாள் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர் பேச்சுவாக்கில் ஒரு விஷயம் சொன்னார். மெனுவின் முகத்தை நம் இஷ்டம்போல மாற்றிக்கொள்ளலாமாம்.

"பின்னால ஒரு படம் வைக்கலாம். நாம நிக்கிற வரிக்கு ஒரு நிறம், மத்த வரிக்கு வேற நிறம் குடுக்கலாம். எல்லாத்தையும் ஒரு சின்னக் கோப்புல எழுதி வச்சா போதும். ஆனா தொடுறதுக்கு முன்னாடி பழசை நகல் எடுத்து வச்சுக்கணும், புரியுதா?"

சில்வண்டுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மாமாதானே தினமும் காலையில் அந்தச் சிடுமூஞ்சியில் விழிக்கிறார்? அவருக்காகவே அதைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டாள்.

சனிக்கிழமை மாமா கிறீச்சிடும் கதவு ஒன்றைத் தேடிப் பழைய சாமான் கடைகளுக்குப் போயிருந்தார். நல்ல கதவுகளைத் தேடி அலைகிறவர்கள் உண்டு. கிறீச்சிடும் கதவைத் தேடி அலைவது மாமா ஒருவர்தான். அந்த நேரத்தில் சில்வண்டு வேலையை முடித்துவிட்டாள். முதலில் பழசை நகல் எடுத்தாள். பிறகு தான் வரைந்த காட்டுப் படத்தைப் பின்னால் வைத்தாள். நிற்கிற வரிக்குத் தக்காளிச் சிவப்பு, மற்ற வரிக்கு இலைப் பச்சை. காட்டுக்குள் பழமும் இலையும் போல இருக்கட்டும் என்பது அவள் எண்ணம்.

இன்னொன்றும் செய்தாள். முன்பெல்லாம் மெனு எப்போதும் ஓசை அறையிலேயே நிற்கும். இப்போது கடைசியாகத் திறந்த அறையை ஞாபகம் வைத்துக்கொண்டு அதிலேயே நிற்கும்படி மாற்றினாள். வேறு அறை வேண்டுமென்றால் அம்பு விசையை ஒருமுறை தட்ட வேண்டும். மறுமுறை தட்டினால் பழைய வரிக்கே திரும்பும்.

மாமா வந்ததும் அவர் கண்ணைப் பொத்தி அழைத்துப்போய்த் திரைக்கு முன்னால் நிறுத்தினாள்.

"இப்போ பாருங்க."

மாமா பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"பிடிக்கலையா மாமா?"

"பிடிக்கலைன்னு யாரு சொன்னா? எனக்காகவா செஞ்ச?"

"பின்ன? நீங்கதானே காலைல இதோட மூஞ்சியப் பாக்கறீங்க."

மாமா அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். "ரொம்ப நல்லா இருக்கு. இந்த மாதிரி யாரும் எனக்குச் செஞ்சதில்ல," என்றார். அன்று முழுவதும் சில்வண்டின் கால் தரையில் பாவவே இல்லை.

அதற்கு அடுத்த வாரத்தில்தான் வினை ஆரம்பித்தது.

மாமாவுக்கு ஒரு யானைப் படம் வந்திருந்தது. ஒரு யானைக் குடும்பம் புதையல் பெட்டியைத் தேடிக் காட்டைக் கடக்கும் கதை. கை நிறைய வேலை. ஆனால் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் ஓசை அறைக்குப் பதிலாக வீட்டு அறை திறந்துகொள்ளும். திறந்தால் சும்மாவும் இருக்காது. "புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன், தயவுசெய்து அணைக்காதீர்கள்" என்று ஒரு வட்டத்தைச் சுற்ற விட்டுவிடும். பழைய கம்ப்யூட்டர் அது. ஒரு வட்டம் சுற்றி முடிப்பதற்குள் மாமா தேநீர் போட்டு, குடித்து, கோப்பையையும் கழுவி வைத்துவிடலாம். இதில் பாதிக் காலை போய்விடும்.

"திரும்பவும் தப்பான ரூமா?" என்று கேட்பாள் சில்வண்டு.

"கை தவறிடுச்சு," என்பார் மாமா.

யானைப் படத்தை எடுக்கும் இயக்குநர் அம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். அவர் குரல் அறைக்கு வெளியே வரைக்கும் கேட்டது.

"என்ன தம்பி, யானை இன்னும் நடக்கவே இல்லையே. வெள்ளிக்கிழமைக்குள்ள வரலைன்னா நான் வேற ஆளைத்தான் பாக்கணும்."

"வந்துடும்மா. காலைல கொஞ்சம் தடங்கல், அவ்வளவுதான்."

அன்று இரவு சாப்பாட்டு நேரத்தில் மாமா தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அக்கா, என் சிநேகிதன் ஸ்டுடியோல ஒரு ரூம் காலியா இருக்கு. கம்ப்யூட்டரும் தரேங்கறான். அங்கேயே தங்கி வேலை பாக்கலாம்னு இருக்கேன்."

அம்மா கையில் எடுத்த ரொட்டியைக் கீழே வைத்தாள். "அங்கேயே தங்கியா? அது ஊருக்கு அந்தக் கோடியில இல்ல இருக்கு? இங்க என்னடா குறை உனக்கு?"

"குறை ஒண்ணும் இல்லக்கா. வேலை ஓடல."

"இவ தொந்தரவு பண்றாளா?"

"ஐயோ, இல்லவே இல்ல," என்றார் மாமா அவசரமாக.

சில்வண்டு பாதி ரொட்டியைத் தட்டிலேயே விட்டு எழுந்துவிட்டாள்.  படுக்கப் போகும்போது பார்த்தாள். மாமாவின் அலமாரி பாதி காலியாக இருந்தது. அவருடைய பெரிய பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே சட்டைகளை அடுக்கியிருந்தார். அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மாமா இல்லாத வீட்டுக்குப் பள்ளி விட்டு எப்படி வருவது?

மறுநாள் அம்மா வேலைக்குக் கிளம்பும் சத்தத்திலேயே அவளும் எழுந்துவிட்டாள். மாமா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். அவள் பூனைபோல வந்து அவருக்குப் பின்னால் நின்றாள்.

பொத்தானை அழுத்தினார். காடு வந்தது. மெனு வீட்டு அறையில் நின்றது. நேற்று மாலை வீட்டுப்பாடம் செய்தவள் அவள்தானே? அந்த வரி தக்காளிச் சிவப்பில் பளிச்சென்று இருந்தது.

மாமா மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். அம்பு விசையைத் தட்டினார். இப்போது ஓசை அறை சிவப்பானது. சரி, இனி திறக்க வேண்டியதுதானே? இல்லை, மறுபடியும் தட்டினார். மறுபடி வீட்டு அறை.

"ஒத்தையா, ரெட்டையா," என்று வாய்க்குள் முணுமுணுத்துவிட்டு மாமா திறக்கும் விசையை அழுத்தினார்.

வட்டம் சுற்ற ஆரம்பித்தது. மாமா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மாமா, அதுதானே சிவப்பா இருந்துச்சு? பாக்கலையா?"

மாமா திடுக்கிட்டுத் திரும்பினார். "நீ எப்போ எழுந்த? தூக்கக் கலக்கம்டா, வேற ஒண்ணும் இல்ல."

சில்வண்டுக்கு அது சரியாகப் படவில்லை. தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் இவ்வளவு உற்று உற்றுப் பார்ப்பாரா?

"சரி, இது சுத்தி முடிக்கட்டும். அதுக்குள்ள யானையை நடக்க விட்டுடலாம். நீ மூச்சு விடாம உக்காரு," என்றார் மாமா.

அவரிடம் கையடக்கமான ஒலிப்பதிவுக் கருவி ஒன்று இருந்தது. பதிவாகும்போது அதில் சின்ன விளக்கு சிவப்பாக எரியும். சும்மா இருந்தால் பச்சையாக எரியும். மாமா அவசர அவசரமாக ஒரு பொத்தானை அழுத்திவிட்டு, இரண்டு பெரிய தலையணைகளை எடுத்துக்கொண்டார். தொம்... தொம்... தொம். அறையைச் சுற்றி யானை நடந்தது. குட்டி யானைக்காகச் சின்னத் தலையணையால் தொப்புத் தொப்பென்று தட்டினார். வியர்த்துக் கொட்டியது.

சில்வண்டு கருவியைப் பார்த்தாள். விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. மூச்சு விடாதே என்று சொன்னதால் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாள். முடியவில்லை.

"மாமா, பச்சைதானே எரியுது. பதிவே ஆகலையே."

மாமா கருவியை எடுத்துக் கண்ணருகே கொண்டுபோனார். விளக்கை அவர் பார்க்கவே இல்லை. விளக்குக்குக் கீழே ஓட வேண்டிய எண்களைப் பார்த்தார்.

"ஆமா. நம்பர் ஓடல," என்று சொல்லித் தலையணை மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

விளக்கைப் பார்க்காமல் ஏன் எண்ணைப் பார்த்தார்? சில்வண்டு யோசித்தாள். பழம் வாங்கப் போனால், "இது பழுத்திருக்கான்னு நீ பாரு" என்று அவளிடம்தான் நீட்டுவார். தன் காட்டுப் படத்தை நினைத்தாள். சிவப்பு வரி, பச்சை வரி. 

அவள் போய் மாமா பக்கத்தில் தலையணையில் உட்கார்ந்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல், மெதுவாகக் கேட்டாள்.

"மாமா, மெனுல அந்த ரெண்டு வரியும் உங்களுக்கு ஒரே மாதிரியா தெரியுது?"

 மாமா தலையணை உறையின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாடா. சிவப்பும் பச்சையும் எனக்கு ஒண்ணுபோலதான். ரெண்டும் மண் மாதிரி இருக்கும். பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான்."

"அம்மாவுக்குக்கூடத் தெரியாதா?"

"யாருக்கும் தெரியாது. சின்ன வயசுல ஒரு மரம் வரைஞ்சு இலைக்கெல்லாம் சிவப்பு அடிச்சுட்டேன். வகுப்பே விழுந்து விழுந்து சிரிச்சுது. அன்னைலேர்ந்து கலர் பேச்சு வந்தா நான் நைசா நழுவிடுவேன்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் இல்ல? இல்ல, பழசையாவது நீங்களே திருப்பி வச்சிருக்கலாம். உங்களுக்குத்தான் தெரியுமே."

"தெரியும். ஒருநாள் ராத்திரி மாத்தத்தான் உக்காந்தேன். உன் காடு வந்துச்சு. ஒவ்வொரு மரமா உக்காந்து வரைஞ்சிருக்க. மனசு வரல."

சில்வண்டுக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. "அதுக்காக வீட்டை விட்டே போவீங்களா? எனக்குப் படம் வேணாம். நீங்கதான் வேணும்," என்று சொல்லி அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மாமாவின் கண்ணும் கலங்கிவிட்டது.

அப்புறம் அவளே மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "சரி, சொல்லுங்க. எந்த நிறம் உங்களுக்கு நல்லாத் தெரியும்?"

"நீலம். மஞ்சள். வெள்ளை."

"சாயங்காலம் வரேன். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க."

"உத்தரவு," என்றார் மாமா.

மாலையில் பையைக்கூடக் கழற்றாமல் வந்து உட்கார்ந்தாள். ஆனால் இந்த முறை தனியாக உட்காரவில்லை. மாமாவைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். போன தடவை செய்த பிழை அதுதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பார்க்கப் போகிறவரைக் கேட்காமலே எல்லாவற்றையும் செய்துவிட்டாள்.

காட்டை இரவுக் காடாக்கினாள். ஆழ்ந்த நீலம், மேலே வெள்ளை நிலா. எழுத்துகளைப் பெரிதாக்கினாள்.

"தெரியுதா?"

"நல்லாத் தெரியுது."

"நிக்கிற வரிக்கு மஞ்சள், மத்ததுக்கு வெள்ளை வைக்கட்டுமா?"

"வை. ஆனா தூக்கத்துல மஞ்சளும் வெள்ளையும் குழம்பிடும் போலிருக்கே."

சில்வண்டு பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். எந்த நிறம் வைத்தாலும் யாருக்காவது குழம்பும். நிறத்தை நம்பாமல் இருந்தால்தான் என்ன? சட்டென்று ஒரு யானை வரைந்தாள். தும்பிக்கையை நீட்டி எழுத்தைக் காட்டுகிற குண்டு யானை. எந்த வரியில் நிற்கிறோமோ அந்த வரியின் பக்கத்தில் யானை வந்து நிற்கும். அம்பு விசையைத் தட்டினால் யானையும் அடுத்த வரிக்குப் போய்விடும்.

மாமா தட்டிப் பார்த்தார். யானை கீழே போனது. மறுபடி தட்டினார். யானை மேலே வந்தது. சின்னப் பையன்போல் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"போதும் மாமா, யானைக்குக் கால் வலிக்கும்."

"இந்த யானை இல்லாமதான் இத்தனை நாள் தடுமாறினேன்," என்று சிரித்தார் மாமா.

நொடிகள் குறைகிற அதட்டலையும் அவள் எடுத்துவிட்டாள். மாமா ஆற அமர வந்து சொல்லும்வரை மெனு காத்திருக்கும். மெனு வந்ததும் கம்ப்யூட்டர் ஒரு சின்ன ராகம் பாடும்படியும் செய்தாள். எந்த ராகம் என்பதில் மட்டும் இருவருக்கும் பெரிய சண்டை. அதில் அவள் தலையிடக் கூடாது, அது தன் தொழில் என்று மாமா சொல்லிவிட்டார்.

இரவுச் சாப்பாட்டின்போது மாமா தானாகவே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அம்மா வாயில் ஈ போவது தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அடப்பாவி. நான் வண்டி ஓட்டக் கத்துத் தரேன்னு சொன்னப்பல்லாம் நழுவினியே, அதுவும் இதுக்குத்தானா?"

"சிக்னலை நினைச்சாலே பயம்க்கா."

"மேல எரிஞ்சா நிக்கணும், கீழ எரிஞ்சா போகணும். இதுக்குக் கலர் எதுக்குடா? கூடப் பொறந்தவகிட்ட சொல்றதுக்கு என்ன வெக்கம் உனக்கு?" என்று அம்மா அவர் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தாள். பிறகு அதே இடத்தைத் தடவியும் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமைக்கு முன்பே யானைகள் காட்டைக் கடந்துவிட்டன. ஆனால் ஓசை அறை திறந்துவிட்டதே தவிர, மாமா போகப் போகிறாரா இல்லையா என்று யாரும் சொல்லவில்லை. சில்வண்டுக்குக் கேட்கவும் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை பள்ளி விட்டு வந்தாள். கதவைத் திறந்தால், மாமாவின் பெரிய பெட்டி கூடத்தின் நடுவே நின்றது. நன்றாகப் பூட்டியிருந்தது. மாமா செருப்புகூடப் போட்டுக்கொண்டிருந்தார். 

"கிளம்பிட்டீங்களா?"

"வா வா, உனக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன். பக்கத்துல வந்து நில்லு. கையை மட்டும் பெட்டி மேல வைக்காத."

மாமா பெட்டியைப் படுக்க வைத்துத் திறந்தார். உள்ளே இருந்த சட்டைகளை எல்லாம் அள்ளி நாற்காலியில் போட்டார். ஒலிப்பதிவுக் கருவியைத் தரையில் வைத்து, குனிந்து எண்கள் ஓடுகின்றனவா என்று பார்த்துக்கொண்டார். பிறகு செருப்புக் காலால் சரக் சரக்கென்று நடந்து வந்து, பெட்டியின் மூடியை ஓங்கி அறைந்தார்.

தடார்!

"புதையல் பெட்டி," என்றார் மாமா திருப்தியாக. "காலைலேர்ந்து வீடு முழுக்க எல்லாப் பெட்டியையும் அறைஞ்சு பாத்துட்டேன். இந்த மாதிரி சத்தம் எதுவும் குடுக்கல. அந்த டைரக்டரம்மா புதையல் கதை இன்னும் நாலு எடுக்கறாங்களாம். அதனால இந்தப் பெட்டி இனிமே ஸ்டுடியோ சாமான். துணி வைக்கக் கூடாது."

"அப்போ ஊர்க்கோடி ரூம்?"

"பெட்டி இல்லாம எப்படிப் போறது? போன் பண்ணி வேணாம்னு சொல்லிட்டேன்."

சில்வண்டு ஓவென்று கத்திக்கொண்டு அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அந்தச் சத்தமும் பதிவாகிவிட்டது. அதை அழிக்க மாமா சம்மதிக்கவே இல்லை.

நாற்காலியில் கிடந்த சட்டைகளை அவளே ஒவ்வொன்றாக மடித்தாள். மாமாவின் அலமாரியில், சுலபத்தில் வெளியே எடுக்க முடியாதபடி, நன்றாக உள்ளே தள்ளி அடுக்கி வைத்தாள்.